பழைய சேலையும் ஒரு பிடி கரியும்: திருகோணமலையில் கலைவட்டம் தொடங்குவோருக்கு

2006இல் போருக்குப் பயந்து சம்பூரை விட்டு ஓடிவந்து, முகாம் முகாமாக இருந்த ஒரு அம்மாவிடம் அவருடைய வீட்டைப் பற்றிக் கேட்டேன். அவர் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். அப்படிக் கேட்டது என் பிழை. சற்றுப் பொறுத்து, "கிணறு எந்தப் பக்கம் இருந்தது அம்மா?" என்று மட்டும் கேட்டேன். காலடியில் கிடந்த ஈர்க்கை எடுத்து மணலில் ஒரு வட்டம் கீறினார். வட்டத்துக்குப் பக்கத்தில் துணி துவைக்கும் கல். அதற்கு நேரே குசினி வாசல். இரண்டுக்கும் நடுவே ஒரு மாதுளை. அரை மணிநேரத்தில் வளவு முழுவதும் மணலில் விரிந்து கிடந்தது. எழுந்து நின்று பார்த்தவர், "படலையை விட்டுவிட்டேன்" என்று மறுபடி குனிந்து படலையையும் போட்டார். அன்றுதான் அவர் எங்களோடு இருந்து தேநீர் குடித்தார்.

கலையால் மனம் ஆறும், கலையால் ஊர் மாறும் என்று பலர் சொல்கிறார்கள். இரண்டையும் நான் நம்புகிறேன். ஆனால் அதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கை, பிறகு வாய். முதலில் தான், பிறகு நாலு பேர், கடைசியில்தான் தெரு. இந்த வரிசையைப் புரட்டிப்போட்டு, ஆறாத புண்ணை நேராக மேடைக்குக் கொண்டுபோன முயற்சிகள் யாருக்கும் ஆறுதல் தந்ததை நான் பார்த்ததில்லை. தங்கள் ஊரில் ஒரு சிறு கலைவட்டம் தொடங்க நினைக்கும் ஆசிரியர்களுக்காகவும் மாதர் சங்கத்தினருக்காகவும் இளைஞர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். ஓவியம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

தனியாக ஒரு மாதம்

மற்றவர்களைக் கூட்டுவதற்கு முன் ஒரு மாதம் நீங்களே செய்துபாருங்கள். தன் கையில் கரி படாத ஒருவர் இன்னொருவரை உட்காரவைத்து "வரையுங்கள்" என்று சொல்லக்கூடாது. வெறுந்தாளைக் கண்டதும் எவ்வளவு கூச்சம் வரும், எந்த இடத்தில் தொண்டை அடைக்கும், எத்தனை நிமிடத்தில் அது தெளியும் என்பதெல்லாம் உங்கள் உடம்புக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வாங்க வேண்டியது கோடில்லாத ஒரு கொப்பி மட்டும். கரியை வீட்டிலேயே சுடலாம். ஒரு பால்மாப் பேணியை எடுத்து அதன் மூடியில் ஆணியால் ஒரு துளை போடுங்கள். பென்சில் பருமனில், முடிச்சில்லாத காய்ந்த குச்சிகளைப் பட்டை உரித்து, பேணிக்குள் நெருக்கி அடுக்கி, மூடியை இறுக்கி அடுப்பில் வையுங்கள். துளை வழியே புகை வரும். புகை நின்றதும், பெரும்பாலும் ஒரு மணிநேரத்துக்குள், பேணியை இறக்கி முழுதாக ஆறவிடுங்கள். சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டுக் குச்சிகள் சாம்பலாகிவிடும். எங்களுக்குப் பூவரசங்குச்சி நன்றாக வந்தது. சிரட்டைக்கரி வேண்டாம், அது கடினமானது, தாளைக் கிழிக்கும்.

நிறம் வேண்டுமென்றால் மஞ்சளை நீரில் கரையுங்கள். அதில் வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு துளி கலந்தால் ஆலாத்தித் தட்டில் பார்க்கும் அதே சிவப்பு வந்துவிடும். செம்மண்ணைத் துணியில் சலித்துக் கஞ்சிப் பசையில் குழைத்தால் இன்னொரு நிறம். மஞ்சள் வெயிலில் வெளிறும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கடற்கரையில் ஒதுங்கும் கிழிந்த வலைத் துண்டுகளையும் கயிறுகளையும் தாராளமாகப் பொறுக்கலாம். ஆனால் புறாத்தீவிலிருந்து பவளமோ சிப்பியோ எடுத்துவராதீர்கள். அது 2003 முதல் தேசியப் பூங்கா. அங்கே உள்ளது அங்கேயே இருக்கட்டும்.

ஒவ்வொரு நாளும் 15 நிமிடம் போதும். எதை வரைவது என்பதுதான் முக்கியம். உங்கள் வாழ்க்கையின் மிக மோசமான நாளை வரையாதீர்கள். முதல் வாரம் கையில் பிடிக்கக்கூடிய ஒரு பொருளை மட்டும் எடுங்கள்: அகப்பை, திருவலை, அப்பாவின் மூக்குக் கண்ணாடி. இரண்டாம் வாரம் ஓர் இடம்: கிணற்றடி, பாடசாலை மதில், கோட்டை வாசலில் மான்கள் படுத்திருக்கும் அந்த நிழல். மூன்றாம் வாரம் அந்த இடத்தில் ஒருவரை நிறுத்துங்கள். நான்காம் வாரம் என்ன வரும் என்று நான் சொல்லத் தேவையில்லை, அது தானாக வரும். வராவிட்டாலும் குறையில்லை.

சிலருக்கு வரைவதைவிட எழுதுவது இலகுவாக வரும். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980களில் மாணவர்களை நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், தங்களைப் பாதித்த ஒன்றைப் பற்றி நிறுத்தாமல் எழுதவைத்தார். நடந்ததையும் அப்போது உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் வைத்தியரிடம் போவது குறைந்திருந்தது. எழுதி முடித்த உடனே மனம் இன்னும் கனக்கும், இது எதிர்பார்க்கக்கூடியதே. பெரும்பாலும் சில மணிநேரத்தில் அது இறங்கும். ஒரு விடயத்தை எழுதத் தொடங்கியதும் கை நடுங்கி, தாங்காது என்று தோன்றினால் அதை விட்டுவிட்டு வேறொன்றை எழுதுங்கள், அல்லது எழுந்துபோய்விடுங்கள். எழுதியதைப் பாதுகாக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அடுப்பில் போட்ட தாளும் தன் வேலையைச் செய்து முடித்த தாள்தான்.

"எனக்குக் கலை வராது" என்று சொல்பவர்கள்

இந்த வாசகத்தை நீங்கள் வாரத்துக்குப் பத்துத் தடவை கேட்பீர்கள். சொல்பவரின் கையைப் பாருங்கள். அவர் மார்கழி முழுவதும் வாசலில் புள்ளி பிசகாமல் கோலம் போட்டவராக இருப்பார். கிண்ணியாவிலிருந்து வந்தவர் என்றால் பன்பாயில் நிறம் மாற்றி மாற்றிக் கட்டம் எடுப்பவராக இருப்பார், பெருநாளுக்கு முதல் நாள் இரவு அயலிலுள்ள பிள்ளைகளுக்கெல்லாம் மருதோன்றி போட்டவராக இருப்பார். மூதூர்ப் பக்கத்துப் பெரியவர் பனையோலையில் பெட்டி இழைப்பவராக இருப்பார், நிலாவெளிப் பக்கத்து அண்ணன் கரைவலையின் கிழிசலைக் கண்ணை மூடிக்கொண்டு பொத்துபவராக இருப்பார். அதிலிருந்தே தொடங்குங்கள். புதிய வித்தை எதையும் அவர்கள் மேல் ஏற்றாதீர்கள்.

ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் கைவேலைக்கு மூச்சைச் சீராக்கும் குணம் உண்டு. வலை பொத்துகிறவரின் பக்கத்தில் அரை மணிநேரம் இருந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். 2016இல் அமெரிக்காவின் ட்ரெக்செல் பல்கலைக்கழகத்தில் 39 பேரிடம் களிமண், வண்ணப் பேனா, ஒட்டுப்படத் துண்டுகள் ஆகியவற்றைக் கொடுத்து 45 நிமிடம் விட்டார்கள். ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்கு, மன அழுத்தத்தின்போது உடலில் ஏறும் கோட்டிசோல் என்ற ஓமோன் குறைந்திருந்தது. முன்பு கலை பழகியவர்களுக்கும் பழகாதவர்களுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. சிறிய ஆய்வுதான். ஆனாலும் "எனக்கு வராது" என்கிற அக்காவிடம் சொல்ல அது எனக்கு உதவியிருக்கிறது.

கோலத்தில் இன்னொரு பாடமும் இருக்கிறது. அது அழியும் என்று தெரிந்தே போடப்படுவது. முதல் வட்டத்தை நீங்கள் கடற்கரை மணலில் வைத்தால் யாரும் நன்றாக வரவேண்டுமே என்று பதறமாட்டார்கள். அலை வந்து எடுத்துக்கொள்ளும்.

வட்டம் கூட்டுதல்

ஆறு பேரில் தொடங்குங்கள், பத்தைத் தாண்டவேண்டாம். பத்துக்கு மேல் போனால் பேசாதவர் ஒருவர் கண்ணில் படாமல் போய்விடுவார், நீங்கள் கவனிக்கவேண்டியது அவரைத்தான். ஒரே ஆட்கள் வாரம் ஒருமுறை, குறைந்தது மூன்று மாதம் வரவேண்டும். மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தமிழ்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் ஒரே வளவுக்குள் கொண்டுவந்து களிமண்ணிலும் வண்ணத்திலும் கதையிலும் விட்டது. போர் நடந்துகொண்டிருந்தபோதே அது நடந்தது. அதே பிள்ளைகள் மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்தார்கள் என்பதுதான் அதில் நான் கற்றுக்கொண்டது. ஒருநாள் பட்டறை நடத்தி, பனர் கட்டி, படம் எடுத்துக்கொண்டு போவதில் எனக்கு நம்பிக்கையில்லை. திறந்த கதவை மூடாமல் போவது அது.

இடத்தைத் தேர்வதில் நம் மாவட்டத்துக்கென்று சில கணக்குகள் உண்டு. கோயில் மண்டபம் என்றால் ராத்தாமார் வரத் தயங்குவார்கள். பள்ளிவாசல் வளவு என்றால் அம்மாமார் தயங்குவார்கள். கட்சி அலுவலகம் என்றால் எல்லோரும் தயங்கவேண்டும். முன்பள்ளிக் கட்டடமோ, பல்நோக்கு மண்டபமோ, நல்ல வேப்பமர நிழலோ போதும். நகரத்துக்கும் மூதூருக்கும் நடுவே வந்துபோகிறவர்கள் இருந்தால் கடைசி பஸ்ஸின் நேரத்தை முதலில் கேட்டுவிட்டு, அதற்கு ஒரு மணிநேரம் முன்னதாகவே முடியுங்கள். வெள்ளி நண்பகல் வேண்டாம். நோன்பு மாதத்தில் நேரத்தைக் காலைக்கு மாற்றுங்கள், தேநீரைத் தவிருங்கள். ஐப்பசி தொடங்கித் தை வரை மழை, திறந்தவெளியை நம்பாதீர்கள். சித்திரைக்குப் பின் கடல் அடங்கிக் கரைவலை இழுக்கும் காலத்தில் ஆண்கள் காலையில் வரமாட்டார்கள். கிராம உத்தியோகத்தரிடம் முதலிலேயே நேரில் போய்ச் சொல்லுங்கள். பிறகு யாராவது வந்து "இங்கே என்ன கூட்டம்?" என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும். கைக்குழந்தையோடு வருகிறவருக்குப் பிள்ளையைப் பார்க்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் இல்லாததால் நல்ல வட்டங்கள் கலைந்திருக்கின்றன.

மூன்று சமூகமும் ஒரே பாயில் இருந்தால் நல்லது, ஆனால் அவசரப்படாதீர்கள். 2006இல் சம்பூர் மக்கள் ஓடினார்கள், அதே ஆண்டில் மூதூர் முஸ்லிம் மக்கள் கந்தளாய்க்கு ஓடினார்கள், எல்லைக் கிராமங்களில் சிங்களக் குடும்பங்களும் ஆட்களை இழந்தன. 2004 மார்கழி 26இல் கடல் யாரையும் பெயர் கேட்டு எடுக்கவில்லை. ஒவ்வொருவரும் தன் வலியே பெரிது என்று வருவார்கள், அது நியாயமும்கூட. முதல் சில வாரம் கதை வேண்டாம், கைவேலை மட்டும் போதும். இன்னொருவர் பாய் பின்னுவதைப் பார்த்து, "இந்தக் கட்டத்தை எப்படி எடுத்தீர்கள் ராத்தா?" என்று ஒருவர் கேட்கும் வரை பொறுத்திருங்கள். மொழி போதாத இடத்திலும் அந்தக் கேள்வி போய்ச்சேரும்.

வட்டத்துக்குள் காக்கவேண்டியவை

தொடக்கத்தையும் முடிவையும் மாற்றாதீர்கள். நாங்கள் ஒரு செம்பு நீரை நடுவில் வைத்துத் தொடங்குவோம், அந்த நீரை மரத்துக்கு ஊற்றி முடிப்போம். என்னவாக இருந்தாலும் பரவாயில்லை, இது தொடங்கிவிட்டது, இது முடிந்துவிட்டது என்று உடம்புக்குத் தெரியவேண்டும்.

யாரையும் சொல்லவைக்காதீர்கள். "நான் இன்று இல்லை" என்று ஒருவர் சொன்னால் அடுத்தவரிடம் போய்விடவேண்டும், ஏன் என்று கேட்கக்கூடாது. அனர்த்தம் நடந்த கையோடு ஆட்களைக் கூட்டி, நடந்ததை ஒரே இருப்பில் முழுதாகச் சொல்லவைத்தால் மனம் ஆறும் என்ற எண்ணம் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. அது பயன் தராது, சிலருக்குக் கேடும் செய்யும் என்று தெரிந்த பிறகு உலக சுகாதார நிறுவனமே அதைச் செய்யவேண்டாம் என்கிறது.

படத்துக்குப் பொருள் சொல்லாதீர்கள். சிவப்பைப் பார்த்து "இரத்தமா?" என்று கேட்டால் அது இரத்தமாகிவிடும். அது அவருடைய பிள்ளையின் பள்ளிப் பையாகவும் இருக்கலாம். கேட்கத்தான் வேண்டும் என்றால், "இதில் முதலில் எதைப் போட்டீர்கள்?" என்று கேளுங்கள். "அழகாக இருக்கிறது" என்பதும் வேண்டாம். அடுத்த முறை அழகாக வரவேண்டுமே என்ற பாரம் அவர் தலையில் ஏறும்.

ஒருவர் மூச்சு வேகமாகி, கண் ஓரிடத்தில் நிலைகுத்தி, கூப்பிட்டாலும் கேட்காதவர்போல் ஆனால் தாளையும் கரியையும் மெதுவாக அப்பால் எடுத்துவிடுங்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, இரண்டு பாதத்தையும் நிலத்தில் அழுத்தச் சொல்லுங்கள். கண்ணில் படும் ஐந்து பொருளை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லுங்கள். குளிர்ந்த நீரில் கையை நனைக்கக் கொடுங்கள். தொட்டு அணைக்கும் முன் கேளுங்கள். பிறகு தனியே விடாதீர்கள், வீடு வரை ஒருவர் கூடப் போகட்டும்.

நீங்கள் வைத்தியர் இல்லை. பல வாரம் உறக்கமில்லாதவரை, சாகவேண்டும் என்று சொல்பவரை, குடியில் கிடப்பவரைக் கரிக்குச்சி காப்பாற்றாது. தேசிய மனநல உதவி இலக்கம் 1926, கொழும்பிலிருந்து இயங்கும் உளவளத்துணைச் சேவையின் இலக்கம் 1333. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரோடு வட்டம் தொடங்கும் முன்பே அறிமுகமாகிக்கொள்ளுங்கள். ஆபத்து வந்த பிறகு இலக்கம் தேடக்கூடாது. கோயிலில் நூல் கட்டுகிறவரிடமும் பள்ளிவாசலில் ஓதிப்பார்க்கிறவரிடமும் போகிறவர்களைத் தடுக்காதீர்கள். அங்கேயும் போகட்டும், வைத்தியசாலைக்கும் வரட்டும்.

துணியில் எழுதுவது

பல ஊடகங்களைச் செய்துபார்த்ததில் எங்கள் ஊருக்கு மிகப் பொருந்தியது துணி. ஏன் என்று ஒப்பாரியை வைத்துத்தான் விளக்கமுடியும். சாவு வீட்டில் பெண்கள் கட்டிப்பிடித்துப் பாடி அழும் ஒப்பாரி, நம்மிடம் இருந்த மிகப் பழைய ஆற்றுமருந்து. ஆனால் காணாமல் ஆக்கப்பட்டவரின் வீட்டில் ஒப்பாரி பாடமுடியாது. பாடினால் அவர் இல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். திருகோணமலையிலும் 2017இல் உறவுகள் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். அவர்கள் கையில் இருந்தது படமும் கேள்வியும்தான். அழவும் முடியாமல் ஆறவும் முடியாமல் இருப்பவருக்கு, காத்திருப்பதையே ஒரு வேலையாக்கித் தருவது தையல். ஒருவர் தன் மகனின் சாரத்திலிருந்து ஒரு துண்டு வெட்டினார். வெட்டுவதற்கு அவருக்கு நான்கு வாரம் சென்றது. அந்த நான்கு வாரமும் அவர் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு எங்களோடு இருந்ததும் தையலில் சேர்த்திதான்.

சிலி நாட்டில் 1973 இராணுவப் புரட்சிக்குப் பிறகு கணவனையும் பிள்ளையையும் தொலைத்த பெண்கள் இதைச் செய்தார்கள். தேவாலயங்களின் ஆதரவில் கூடி, சாக்குத் துணியின் மேல் பழந்துணிகளை ஒட்டித் தைத்து, சிறைகளையும் வெற்று நாற்காலிகளையும் பொதுச் சமையலையும் படமாக்கினார்கள். சில துணிகளின் பின்புறம் ஒரு சிறு பை இருக்கும், அதற்குள் தைத்தவரின் குறிப்பு இருக்கும். அந்தப் பை எனக்கு மிகப் பிடித்துப்போனது.

செய்முறை இதுதான். கோதுமை மாச் சாக்கைத் துவைத்துக் காயவைத்து, ஓரடிச் சதுரமாக வெட்டுங்கள். எல்லோருக்கும் ஒரே அளவு இருக்கவேண்டும், பிறகு இணைக்கும்போது தெரியும். வீட்டிலிருந்து பழைய சேலை, சாரம், பாடசாலைச் சீருடை, தலைத்துண்டு எதையும் கொண்டுவரலாம். புதுத்துணி வேண்டாம். முதலில் கரியால் சாக்கில் கோடு போட்டு, துண்டுகளை வெட்டி வைத்துப்பார்த்து, மனம் ஒப்பிய பிறகு நூலோடுங்கள். சாதாரண ஓட்டுத்தையல் போதும், விளிம்பைச் சிறிது உள்ளே மடித்தால் பிரியாது. ஒரு சதுரத்துக்கு ஆறு வாரமாவது கொடுங்கள். பின்புறம் ஒரு பை. அதற்குள் தைத்தவர் விரும்பினால் எதையாவது எழுதி வைக்கலாம், எழுதத் தெரியாதவர் இன்னொருவரிடம் சொல்லி எழுதுவிக்கலாம். அந்தப் பையைத் தைத்தவரைக் கேட்காமல் யாரும் திறக்கக்கூடாது, நீங்களும் திறக்கக்கூடாது.

என்ன தைப்பது என்று திகைப்பவரிடம் வீட்டின் நிலப்படத்தைக் கேளுங்கள். யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன், இடம்பெயர்ந்தவர்களை அவர்கள் இழந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து கீறவைத்து, அவற்றை ஒரு பெரிய கலைப்படைப்பாகத் தொகுத்தார். அறை எத்தனை, வாசல் எந்தத் திசை, கிணறு எங்கே என்பவை எளிய கேள்விகள். அழுதுகொண்டும் பதில் சொல்லலாம். சம்பூர் நிலம் 2015இல் திரும்பக் கிடைக்கத் தொடங்கியபோது பலர் போய்ப் பார்த்தது பற்றைக் காட்டை. எல்லையைக் கண்டுபிடிக்கக் கிணற்றுக் கட்டைத்தான் தேடினார்கள். மணலில் வளவு கீறிய அந்த அம்மா தன் சதுரத்தில் கிணற்றை நீலச் சேலைத் துண்டால் தைத்தார்.

என் கண் முன்னே நடந்த ஒரு பிழை

நூல், ஊசி, போக்குவரத்துச் செலவுக்கு உதவ ஒரு நிறுவனம் முன்வந்தது. அவர்கள் வந்து படம் எடுத்தார்கள், நான் தடுக்கவில்லை. எல்லோரும் தலையாட்டினார்கள், அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். சில மாதம் கழித்து ஒரு பெண்ணின் சதுரம், அவருடைய முகத்தோடு, ஒரு நாட்காட்டியில் வந்தது. அயல்வீட்டுச் சுவரில் அந்த நாட்காட்டி தொங்கியது. அவர் மறுவாரம் வரவில்லை. வீட்டுக்குப் போனேன், படலை வரை வந்து, "நீங்கள் என்ன செய்வீர்கள் தங்கச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினார். அந்தச் சொல் இன்னும் என்னோடு இருக்கிறது.

அன்றிலிருந்து சம்மதத்தை மூன்று தனிக் கேள்வியாகக் கேட்கிறோம். உங்கள் வேலையை மற்றவர்கள் பார்க்கலாமா? உங்கள் பெயர் அதில் இருக்கலாமா? படம் எடுத்து வெளியூருக்கு அனுப்பலாமா? ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பதில். கூட்டத்தில் கேட்பதில்லை, தனியே கேட்கிறோம், ஒரு வாரம் கழித்து மறுபடி கேட்கிறோம். முதல் நாள் ஆம் என்றவர் இரண்டாம் வாரம் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பணம் தருகிறவர் இதற்கு ஒப்பவில்லை என்றால் அந்தப் பணம் இல்லாமலும் தைக்கலாம். சாக்கும் பழஞ்சேலையும் ஊரில் இருக்கின்றன. வருமானம் வேண்டும் என்று பெண்கள் கேட்டால், அது நியாயமான கேள்வி, விற்பதற்கென்று பைகளும் மேசை விரிப்புகளும் தனியாகத் தையுங்கள். மனதைத் தைத்த துணிக்கு விலைச்சீட்டுக் கட்டவேண்டாம்.

தெருவுக்குக் கொண்டுபோவது

இங்கேதான் ஊர் மாற்றம் வருகிறது. வட்டத்தில் ஆறுதல் கண்டவர்கள் எல்லோரும் இந்தப் படிக்கு வரவேண்டியதில்லை. வர விரும்புகிறவர்களிடம் ஒரு கேள்வி வையுங்கள்: இதைப் பார்த்தபின் யார் எதைச் செய்யவேண்டும்? "மக்கள் விழிப்படைய வேண்டும்" என்ற பதில் வந்தால் இன்னும் காலமாகவில்லை. "அந்த ஒழுங்கையில் விளக்குப் போடவேண்டும்" என்ற பதில் வந்தால் தொடங்கலாம்.

விளக்குக் கதை எங்கள் பிள்ளைகள் செய்தது. தனியார் வகுப்பு முடிந்து மாலையில் நடந்துவரும் மாணவிகள், பெரிய டிமைத் தாளில் தங்கள் வழியை வரைந்தார்கள். பயப்படும் இடத்தில் கரி, நிம்மதியாக மூச்சுவிடும் இடத்தில் மஞ்சள். தாள் முழுவதும் ஒரே மூலையில் கரி அப்பியிருந்தது. அதைச் சுவரில் தொங்கவிட்டு, உள்ளூராட்சி சபை உறுப்பினரை அழைத்து, பெற்றோர் முன்னிலையில் பிள்ளைகளே விளக்கினார்கள். கையில் ஒரு கடிதமும் இருந்தது: எத்தனை விளக்கு, எந்தக் கம்பத்தில், எந்தத் தேதிக்குள். படம் கண்ணைப் பிடித்தது, கடிதம் வேலையைத் தொடக்கியது. இரண்டும் சேர்ந்து போகவேண்டும்.

உடலைக் கொண்டு பேச விரும்புகிறவர்களுக்கு அரங்கு இருக்கிறது. பிரேசில் நாட்டு அகஸ்தோ போவால் 1970களில் வளர்த்தெடுத்த ஒரு முறையில், ஒரு சிறு நாடகம் அநீதியோடு முடியும். பிறகு அதை மறுபடி நடிப்பார்கள். பார்வையாளர் யாராவது "நிறுத்துங்கள்" என்று சொல்லி, உள்ளே வந்து, பாதிக்கப்பட்டவரின் இடத்தில் நின்று வேறு வழியை முயன்றுபார்ப்பார். நம் கூத்து வட்டக்களரியில் சுற்றிலும் ஆட்கள் இருந்து பார்த்துப் பழகிய ஊர்களில் இதற்குப் பெரிய விளக்கம் தேவைப்படுவதில்லை. கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவர் மத்தளத்தோடு வந்தால் கூட்டம் தானாகச் சேரும்.

நாங்கள் எடுத்த கதை ஓர் அலுவலக மேசை. ஒரு தாய் முறைப்பாடு கொடுக்கப் போகிறார். அவர் தமிழில் சொல்வதை உத்தியோகத்தர் சிங்களத்தில் எழுதி, கையெழுத்து வைக்கச் சொல்கிறார். முதல் தடவை அவர் வைத்துவிடுகிறார். மறுதடவை சபையிலிருந்து ஒரு ராத்தா எழுந்துவந்து, "இதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது, தமிழில் தாருங்கள்" என்று மேசையில் கைவைத்தார். 1987இன் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்திலேயே தமிழும் ஆட்சிமொழி ஆகிவிட்டது என்பதை மேடையில் யாரும் விரிவுரை செய்யவில்லை. அந்தக் கை மேசையில் வைக்கப்பட்டதைப் பார்த்தவர்கள் பிறகு உண்மையான மேசைகளில் அப்படி வைத்தார்கள். எனக்குத் தெரிந்து மூவர் வைத்தார்கள்.

ஆபத்தையும் எண்ணிப்பாருங்கள். எங்கள் கடற்கரையில் 2006 ஜனவரி 2இல் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள், இன்றும் அங்கே விளக்கேற்றுவது இலகுவான காரியமில்லை. நினைவுகூரும் வேலையைச் செய்பவர்கள் யார் பார்ப்பார்கள், யார் விசாரிக்க வருவார்கள், யாருடைய வீட்டுக்குப் போவார்கள் என்பதை வட்டத்தில் வைத்துப் பேசி, தனக்கு எவ்வளவு முடியும் என்பதை ஒவ்வொருவரும் தானே தீர்மானிக்கவேண்டும். துணிவை நாம் மற்றவர் சார்பில் கடன் வாங்கமுடியாது. மதிலில் ஓவியம் என்றால் உரிமையாளரின் எழுத்து அனுமதி கையில் இருக்கட்டும். காட்சியில் விளக்க அட்டைகள் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும். சிங்களத்தை ஒரு சிங்களவரைக் கொண்டே எழுதுவியுங்கள். எங்கள் காட்சிக்கு வந்த ஒரு சிங்கள அம்மா, சாரத் துண்டு தைத்த சதுரத்தின் முன் வெகுநேரம் நின்றார். இராணுவத்தில் சேர்ந்து திரும்பாத தன் மகனைப் பற்றித் தைத்தவரிடம் சைகையாலும் பாதித் தமிழாலும் சொன்னார். நாங்கள் இருவர் மொழிபெயர்க்கப் போனோம். அவர்கள் வேண்டாம் என்று கை காட்டினார்கள்.

துணியை வைத்திருப்பது

சதுரங்களை இணைத்துப் பெரிய விரிப்பாக்கிய பிறகு அதை யாருடைய வீட்டில் வைப்பது என்று வட்டம் கூடித் தீர்மானிக்கவேண்டும். வைப்பவர் வேறு, சாவி வைத்திருப்பவர் வேறு என்று இருப்பது நல்லது. கடற்காற்றின் உப்பும் ஈரமும் துணியைத் தின்னும், பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். பழைய வெள்ளைப் பருத்திச் சேலையில் சுற்றி, காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து பக்கத்தில் வைத்து, றங்குப்பெட்டியில் போடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோரும் கூடி வெளியே எடுத்து நிழலில் விரியுங்கள், நேர்வெயில் வேண்டாம். மறுபடி மடிக்கும்போது பழைய மடிப்பிலேயே மடிக்காதீர்கள், ஒரே கோட்டில் திரும்பத் திரும்ப மடித்தால் துணி அங்கே அறுந்துபோகும்.